புதிதாக ஒரு பன்னிரண்டு கம்பி கிட்டார்: யமஹாவா, டெய்லரா, கில்டா?

கடையில் மாட்டியிருக்கும் பன்னிரண்டு கம்பி கிட்டாரைக் கையில் எடுத்ததும் வாசிக்கத் தொடங்க வேண்டாம். முதலில் ஒரு கிளிப் டியூனரை அதன் தலையில் மாட்டி, ஆறாவது கம்பியைத் தட்டிப் பாருங்கள். ஈ (E) காட்ட வேண்டிய இடத்தில் பெரும்பாலும் டி (D) காட்டும், அல்லது இரண்டுக்கும் நடுவில் எங்கேயாவது நிற்கும். மாதக்கணக்கில் தொங்கும் கிட்டாரின் கழுத்து வளைந்துவிடக் கூடாதென்று கம்பிகளைத் தளர்த்தி வைத்திருப்பார்கள். அது நல்ல பழக்கம்தான். ஆனால் அந்த நிலையிலேயே வாசித்துப் பார்த்து முடிவெடுத்தால் ஏமாந்துவிடுவோம். இரண்டு பிரெட் (கழுத்தின் குறுக்கே பதித்த உலோகப் பட்டை) அளவு சுருதி இறங்கினால் கம்பிகளின் இழுவிசையில் ஐந்தில் ஒரு பங்கு போய்விடுகிறது. கம்பி விரலுக்கு மெத்தென்று இருக்கும், கழுத்து நேராக நிற்கும், ஆக்‌ஷன் (பிரெட்டுக்கு மேலே கம்பி நிற்கும் உயரம்) தாழ்வாகத் தெரியும். வீட்டுக்குக் கொண்டுவந்து முழுச் சுருதிக்கு ஏற்றி ஒரு வாரம் ஆன பிறகுதான் எஃப் கார்டு பிடிக்க முடியாமல் கை வலிக்கத் தொடங்கும்.

ஆறு கம்பி கிட்டார் வாங்கிப் பழகியவர்கள் இங்கே தவறுவது இந்த இழுவிசையைக் கணக்கில் எடுக்காததால்தான். ஆறு கம்பியில் 12-53 செட் (மிக மெல்லிய கம்பி .012, மிகத் தடித்தது .053 அங்குலம்) போட்டால் மொத்த இழுவிசை ஏறக்குறைய 73 கிலோ. பன்னிரண்டு கம்பியில், அதைவிட மெல்லிய 10-47 செட் போட்டாலும், 110 கிலோவைத் தாண்டுகிறது. பாதிக்குப் பாதி கூடுதலான இந்தச் சுமையை அதே அளவு மரப்பலகையும், அதே நீளக் கழுத்தும், அதே பசையும் தாங்க வேண்டும். ஆகவே மரத்தின் பெயரையும் கடையில் கேட்ட ஒலியையும் இரண்டாம் இடத்துக்குத் தள்ளுங்கள். கழுத்து எந்தக் கோணத்தில் உட்கார்ந்திருக்கிறது, அந்தக் கோணம் தவறினால் திருத்த வழியிருக்கிறதா என்பதுதான் முதலில் பார்க்க வேண்டியது. இந்த ஒப்பீடு முழுவதும் அதை வைத்தே நடக்கிறது.

கம்பிகளின் அடுக்கு

மேண்டலினில் இருப்பதுபோலவே கம்பிகள் ஜோடி ஜோடியாக இருக்கும். ஒன்று, இரண்டு எண் ஜோடிகளில் (ஈ, பி) இரு கம்பிகளும் ஒரே தடிமன், ஒரே சுருதி. மூன்று முதல் ஆறு வரையிலான ஜோடிகளில் (ஜி, டி, ஏ, ஈ) ஒன்று வழக்கமான கம்பி, மற்றது அதற்கு ஒரு ஸ்தாயி மேலே ஒலிக்கும் மெல்லிய கம்பி. 10-47 லைட் செட்டில் ஆறாவது ஜோடி .047, .027, ஐந்தாவது .039, .018, நான்காவது .030, .012, மூன்றாவது .023, .008. இரண்டாவது ஜோடியில் இரண்டும் .014, முதல் ஜோடியில் இரண்டும் .010. எல்லாம் அங்குலக் கணக்கு.

இதில் .008 கம்பிதான் அடிக்கடி அறுபடும். திறந்த நிலையில் இந்தக் கிட்டாரின் மிக உயர்ந்த சுரம் முதல் கம்பியில் இல்லை, மூன்றாவது ஜோடியின் மெல்லிய ஜி-யில்தான் இருக்கிறது: முதல் கம்பி 330 ஹெர்ட்ஸ், இது 392. கொஞ்சம் தடித்த கம்பி போட்டால் அறுபடாது என்று பலர் நினைக்கிறார்கள். தடித்த கம்பியை அதே சுருதிக்கு ஏற்ற அதிக இழுவிசை வேண்டியிருப்பதால் பயன் எதுவும் இல்லை. அறுபடுவதைத் தீர்மானிப்பது சுருதியும் கம்பியின் நீளமும்தான். அதாவது நட்டிலிருந்து (கழுத்தின் தலைப்பக்கம் கம்பிகள் உட்காரும் பள்ளங்கள் உள்ள துண்டு) சேடில் (உடலில் ஒட்டிய பிரிட்ஜின் மேல் கம்பிகளைத் தாங்கும் துண்டு) வரையுள்ள ஸ்கேல் நீளம். கிட்டார் வாங்கும்போது அதிகம் பேர் கேட்காத எண் இது, பன்னிரண்டு கம்பியிலோ மிக முக்கியமான எண்.

எதிரெதிரே நிற்பவை

யமஹா எஃப்ஜி820-12. மேற்பலகை முழு ஸ்ப்ரூஸ், பின்புறமும் பக்கமும் மஹோகனி. ஸ்கேல் 634 மி.மீ., நட் அகலம் 46 மி.மீ. பிக்கப் (ஒலிபெருக்கியில் இணைக்க உதவும் உணரி) கிடையாது. இதே வரிசையில் உள்ள ஆறு கம்பி எஃப்ஜி820-க்கு 650 மி.மீ. ஸ்கேல் வைத்திருக்கும் யமஹா, பன்னிரண்டு கம்பிக்கு மட்டும் குறைத்திருக்கிறது. நல்ல முடிவு. வழக்கமான 648 மி.மீ. ஸ்கேலோடு ஒப்பிட்டால் அதே கம்பிகளின் இழுவிசை 4 சதவீதம் குறையும், மெல்லிய ஜி-யின் ஆயுளும் கூடும்.

டெய்லர் 150இ. மெக்சிகோவின் டெகாடே ஆலையில் செய்யப்படும் டிரெட்நாட், அதாவது அகன்ற உடல் கொண்டது. மேற்பலகை முழு சிட்கா ஸ்ப்ரூஸ், பின்புறமும் பக்கமும் அடுக்குப் பலகை. ஸ்கேல் 648 மி.மீ., நட் 47.6 மி.மீ., பிக்கப் உண்டு. ஆனால் இதன் பெரிய சொத்து கண்ணுக்குத் தெரியாத இடத்தில் இருக்கிறது. கழுத்து ஒட்டப்படவில்லை, போல்ட்டால் பிணைக்கப்பட்டிருக்கிறது. 1999-இல் டெய்லர் கொண்டுவந்த அமைப்பு இது. கழுத்தைக் கழற்றி, இடையில் இருக்கும் மெல்லிய சில்லை மாற்றிப் போட்டால் கோணம் மாறிவிடும். பயிற்சி பெற்றவருக்குச் சிறிது நேர வேலை.

கில்ட் எஃப்-2512இ. இது ஜம்போ, மிகப் பெரிய உடல். மேற்பலகை முழு ஸ்ப்ரூஸ். பின்பலகை மேப்பிள் அடுக்குப் பலகையை வளைத்து அழுத்திச் செய்தது, உள்ளே குறுக்குச் சட்டங்கள் இல்லை. பன்னிரண்டு கம்பிக்கென்றே பெயர் வாங்கிய நிறுவனம் கில்ட். அமெரிக்காவில் செய்த எஃப்-512 போன்ற பெரிய மாடல்களில் கழுத்துக்குள் இரண்டு ட்ரஸ் ராடு (கழுத்தின் வளைவைச் சரிசெய்யும் உலோகத் தண்டு) வைத்தவர்கள். எஃப்-2512இ அந்தக் குடும்பத்தின் எளிய உறுப்பினர். ஒலியில் மட்டும் பார்த்தால் இந்த நான்கில் முதலிடத்தை இதற்கே தரலாம். கீழ் ஈ ஜோடியைத் தட்டினால் அறையே நிறையும்.

டெய்லர் 562சிஇ, 362சிஇ. விலை யமஹாவைப்போலப் பல மடங்கு. உடல் சிறியது, கழுத்து உடலோடு சேருவது 14-ஆவது பிரெட்டில் அல்ல, 12-இல். ஸ்கேல் 632 மி.மீ. பிரிட்ஜ் உடலின் நடுப்பக்கம் நகர்ந்துவிடுவதால் இடக்கை எட்ட வேண்டிய தூரம் குறைகிறது. மேற்பலகை மஹோகனி. ஸ்ப்ரூஸ் தரும் கண்ணாடிச் சிதறல் போன்ற மினுமினுப்பு இதில் அடங்கி, ஒவ்வொரு சுரமும் தனித்தனியாகக் கேட்கும்.

இவற்றுக்கெல்லாம் கீழே, மேற்பலகையும் ப்ளைவுட்டாக இருக்கும் மலிவுக் கிட்டார்கள் ஒரு தனிக் கூட்டம். ஆறு கம்பியில் இவை கற்றுக்கொள்ள உதவும். பன்னிரண்டு கம்பியில் பரிந்துரைக்க மனம் வரவில்லை. ப்ளைவுட் கெட்டுப்போகும் என்பதல்ல காரணம். இந்த விலையில் கழுத்துக் கோணத்தையும் நட்டின் பள்ளங்களையும் யாரும் நேரம் செலவழித்துச் சரிபார்ப்பதில்லை, பின்னால் சரிசெய்ய ஆகும் செலவு கிட்டாரின் விலையைத் தொட்டுவிடும்.

நட் அகலம்: ஒன்றரை மில்லிமீட்டர் என்ன செய்யும்

46-க்கும் 47.6-க்கும் உள்ள வித்தியாசத்தை ஆறு ஜோடிகளுக்கு இடையிலுள்ள ஐந்து இடைவெளிகளுக்குப் பங்கிட்டால் ஒவ்வொன்றுக்கும் 0.3 மி.மீ. கிடைக்கும். எண்ணில் அற்பம். கையில் அப்படி இல்லை, ஏனென்றால் இங்கே ஒவ்வொரு இடைவெளியின் இருபுறமும் ஜோடிக் கம்பிகள் நிற்கின்றன. ஏ மேஜரை மூன்று விரலால் இரண்டாவது பிரெட்டில் நெருக்கிப் பிடித்துப் பாருங்கள். நடுவிரல் பக்கத்து ஜோடியில் உராய்ந்து ஒரு கம்பியை அடைத்தால் உங்கள் விரல் 47.6-ஐக் கேட்கிறது. விரல் மெலிந்தவர்களுக்கும், கட்டைவிரலைக் கழுத்துக்கு மேலே சுற்றிக் கொண்டுவருபவர்களுக்கும் 46 தான் சுகம்.

மொத்த அகலத்தோடு ஒரு ஜோடிக்குள் இரு கம்பிகளுக்கும் உள்ள தூரத்தையும் பார்க்க வேண்டும். சுமார் 2 மி.மீ. இருந்தால் சரி. அதைவிட நெருங்கினால் பலமாக அடிக்கும்போது கீழ் ஈ ஜோடி ஒன்றோடொன்று மோதிச் சலசலக்கும். அகன்றால் விரல் நுனி ஒரு கம்பியை அழுத்தி மற்றதை நழுவவிடும். ஒரே மாடலில் இரண்டு கிட்டார்களை எடுத்தாலும் இந்த இடைவெளி மாறியிருக்கலாம், ஏனென்றால் பள்ளம் வெட்டுவது நுணுக்கமான வேலை.

அளக்கும் முறை

தேவையான கருவிகள் நான்கு. அரை மில்லிமீட்டர் கோடு போட்ட 15 செ.மீ. ஸ்டீல் ஸ்கேல், 60 செ.மீ. ஸ்டீல் ஸ்கேல் ஒன்று, ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் ஸ்பார்க் பிளக் இடைவெளி பார்க்கக் கிடைக்கும் ஃபீலர் கேஜ், கிளிப் டியூனர். கூடவே ஒரு துண்டுத் தாள். கடைக்காரரிடம் அனுமதி கேட்டுவிட்டு முழுச் சுருதிக்கு ஏற்றுங்கள். ஒரே ஜோடியை முழுதாக ஏற்றிவிட்டு அடுத்ததற்குப் போகாமல், எல்லாக் கம்பிகளையும் அரைப் படி ஏற்றி, பிறகு மறுபடி ஒரு சுற்று ஏற்றுவது நல்லது. இருபது நிமிடம் விட்டு மீண்டும் சுருதி சேர்த்தபின் அளக்கத் தொடங்குங்கள்.

முதலில் கழுத்தின் வளைவு. ஆறாவது தடித்த கம்பியை முதல் பிரெட்டிலும் 14-ஆவது பிரெட்டிலும் ஒரே நேரத்தில் அழுத்தி, ஏழாவது பிரெட்டுக்கும் கம்பிக்கும் உள்ள இடைவெளியில் ஃபீலர் கேஜை நுழையுங்கள். 0.1 முதல் 0.25 மி.மீ. வரை சரி. அதற்கு மேலே இருந்தால் ட்ரஸ் ராடை முறுக்கச் சொல்லுங்கள், கால் சுற்றுக்கு மேல் ஒரே தடவையில் வேண்டாம். ட்ரஸ் ராடு எந்த அசைவும் காட்டாமல் இறுகி நின்றால் அந்தக் கிட்டாரை அங்கேயே வைத்துவிடலாம்.

அடுத்து 12-ஆவது பிரெட்டில் ஆக்‌ஷன். பிரெட்டின் உச்சியிலிருந்து கம்பியின் அடிப்பகுதி வரை அளக்க வேண்டும். தடித்த ஈ-யில் 2.2 முதல் 2.4 மி.மீ., முதல் கம்பியில் 1.6 முதல் 1.8 மி.மீ. இருந்தால் பன்னிரண்டு கம்பி கையோடு ஒத்துப்போகும். புதிய கிட்டார்கள் பல 2.8, 3 என்று வருகின்றன. அதனால் மட்டும் ஒதுக்க வேண்டியதில்லை, சேடிலைத் தேய்த்தால் இறங்கும். கேள்வி என்னவென்றால், தேய்க்க சேடில் இருக்கிறதா?

இந்தக் கேள்வியில்தான் வாங்கலாமா வேண்டாமா என்பதே அடங்கியிருக்கிறது. 12-ஆவது பிரெட் கம்பியின் நட்ட நடுவில் இருப்பதால், அங்கே ஒரு பங்கு இறங்க சேடிலில் இரண்டு பங்கு தேய்க்க வேண்டும். ஆக்‌ஷன் 3 மி.மீ., உங்களுக்கு வேண்டியது 2.2 என்றால் இறக்க வேண்டியது 0.8, சேடிலில் தேய்ப்பது 1.6. பிரிட்ஜுக்கு மேலே சேடில் 4.5 மி.மீ. எழும்பி நின்றால் தேய்த்தபின்னும் 2.9 மிச்சம், கவலையில்லை. 2.5 தான் நிற்கிறது என்றால் மிச்சம் 0.9. அப்போது கம்பி சேடிலின் மேல் போதிய கோணத்தில் வளையாது. ஒலி மங்கும், மெல்லிய கம்பிகள் சேடிலில் நடுங்கிக் கிரீச்சிடும். பன்னிரண்டு பின் (கம்பியின் நுனியைப் பிடித்துவைக்கும் சிறு ஆணி) உள்ள பிரிட்ஜில் அந்த ஆணித் துளைகள் இரண்டு வரிசையாக இருப்பதால், பின்வரிசைக் கம்பிகளுக்குக் கோணம் ஏற்கெனவே குறைவு. பாதிப்பு அங்கே முதலில் தெரியும்.

இன்னொன்றும் உண்டு. 110 கிலோ இழுவிசை ஆண்டுக்கணக்கில் பிரிட்ஜை முன்னோக்கிச் சாய்க்கும், மேற்பலகையை உப்பவைக்கும், கழுத்தை மேலே இழுக்கும். ஆக்‌ஷன் மெல்ல ஏறிக்கொண்டே போகும். அப்போது மறுபடி தேய்க்கச் சேமிப்பாக இருக்க வேண்டியது இந்தச் சேடில்தான். புதிய கிட்டாரில் செட்டப் முடிந்தபின் ஏறக்குறைய 3 மி.மீ. நிற்க வேண்டும்.

சேடில் சொல்வதை உறுதிப்படுத்த, 60 செ.மீ. ஸ்கேலை நடு இரு ஜோடிகளுக்கு இடையே பிரெட்டுகளின் மேல் விளிம்பில் நிறுத்தி பிரிட்ஜ் பக்கம் தள்ளுங்கள். ஸ்கேலின் நுனி பிரிட்ஜின் மேல்பரப்பைத் தொட்டபடியோ ஒரு மி.மீ. மேலாகவோ போனால் கழுத்துக் கோணம் நன்று. பிரிட்ஜின் முன்முகத்தில் போய் முட்டினால் கோணம் தாழ்ந்திருக்கிறது. கடைக்காரர் எவ்வளவு தள்ளுபடி சொன்னாலும், போல்ட் இல்லாத கழுத்தாக இருந்தால் வாங்காதீர்கள்.

பிரிட்ஜின் பின்விளிம்பில் தாளைச் செருகிப் பாருங்கள். எங்கேயும் உள்ளே போகக் கூடாது. போனால் பசை விடத் தொடங்கிவிட்டது. பிரிட்ஜுக்குப் பின்னால் மேற்பலகை இலேசாக மேடாக இருப்பது இயல்பு, பல கிட்டார்களின் மேற்பலகை அப்படித்தான் செய்யப்படுகிறது. பிரிட்ஜுக்கும் ஒலித்துளைக்கும் இடையே குழி விழுந்திருந்தால்தான் பயப்பட வேண்டும்.

நட்டைப் பார்ப்பது எளிது. இரண்டாவது, மூன்றாவது பிரெட்டுகளுக்கு நடுவில் ஒவ்வொரு கம்பியாக அழுத்தி, முதல் பிரெட்டுக்கு மேலே ஒரு தாள் நுழையும் அளவு இடைவெளி இருக்கிறதா என்று பாருங்கள். ஸ்தாயி ஜோடிகளில் ஒரு சிக்கல் உண்டு. .047-உம் .027-உம் ஒரே ஆழத்தில் உட்கார்ந்தால் மெல்லியதன் தலை அரை மி.மீ. தாழ்ந்து நிற்கும். விரல் தடித்ததைத் தொட்டு நின்றுவிடும், மெல்லியது அரைகுறையாக அழுந்தி இரையும். அதற்காகத்தான் கைதேர்ந்தவர்கள் மெல்லிய கம்பியின் பள்ளத்தைச் சற்று மேலே விட்டுவைக்கிறார்கள். சுருதி ஏற்றும்போது நட்டில் ‘டிக்’ என்று சத்தம் கேட்டால் பள்ளம் கம்பியைப் பிடிக்கிறது என்று பொருள். பள்ளத்தில் பென்சில் நுனியைத் தேய்த்தாலே பாதி தீரும்.

கடைசியாகச் சுருதிச் சுத்தம். 12-ஆவது பிரெட்டில் ஹார்மோனிக்கையும் (கம்பியை அழுத்தாமல் தொட்டு எழுப்பும் ஒலி) அழுத்திய சுரத்தையும் டியூனரில் ஒப்பிடுங்கள். ஜோடியின் ஒவ்வொரு கம்பியையும் தனியாக, மற்றதை விரலால் அடைத்துவிட்டு. தடித்த கம்பிக்கும் மெல்லிய கம்பிக்கும் சேடில் இருக்க வேண்டிய இடம் வேறு வேறு. ஒரே சேடில் இரண்டுக்கும் சமரசம்தான் செய்ய முடியும். மூன்றாவது ஜோடியில் அது அதிகம் தெரியும். ஐந்து சென்ட் (அரைச் சுரத்தில் நூறில் ஒரு பங்கு ஒரு சென்ட்) வரை வித்தியாசம் காதுக்கு மினுமினுப்பாகவே கேட்கும். பத்தைத் தாண்டினால் ஐந்தாவது பிரெட்டுக்கு மேலே எந்தக் கார்டும் சேராது.

கை சொல்லும் செய்தி

அளவுகோலைக் கீழே வைத்துவிட்டு எஃப் பார் கார்டை (ஒரே விரலால் எல்லாக் கம்பிகளையும் அழுத்தும் கார்டு) பிடியுங்கள். முதல் பிரெட்டில் கடினம், அதே வடிவம் ஐந்தாவது பிரெட்டில் எளிது என்றால் நட் உயரம். மலிவான வேலை, வாங்கலாம். இரண்டிலும் கடினம் என்றால் சேடில் உயரம் அல்லது கழுத்து வளைவு. மேலே சொன்ன கணக்கு இடம் கொடுத்தால் இதையும் வாங்கலாம். முதல் பிரெட்டில் எளிது, எட்டு, ஒன்பதுக்குப் போகப்போகக் கம்பி எழும்பிக்கொண்டே போகிறது என்றால் கழுத்துக் கோணம். இந்தச் சோதனைக்கு ஒரு நிமிடம்கூட ஆகாது, ஆனால் இதைச் செய்யாமலே பணம் கட்டிவிடுபவர்கள் நிறைய.

பிறகு 14-ஆவது பிரெட் வரை ஒவ்வொரு பிரெட்டிலும் ஒவ்வொரு கம்பியையும் தனித்தனியாகத் தட்டுங்கள். ஸ்ட்ரம் செய்யும்போது பன்னிரண்டு கம்பிகளின் ஆரவாரத்தில் ஒரு பிரெட்டின் இரைச்சல் ஒளிந்துகொள்ளும். விரல்களால் வாசிப்பவர்கள் கட்டைவிரல் எந்தக் கம்பியை முதலில் தொடுகிறது என்று கவனியுங்கள். அகூஸ்டிக் கிட்டாரில் வழக்கமாக மெல்லிய ஸ்தாயிக் கம்பி மேல்பக்கம் இருக்கும், கீழ்நோக்கி அடிக்கும்போது அதுவே முதலில் ஒலிக்கும். ரிக்கன்பேக்கர் நிறுவனத்தின் எலெக்ட்ரிக் கிட்டாரில் இது தலைகீழ். அந்த ஒலியை மனதில் வைத்துக்கொண்டு வருபவர்களுக்கு அகூஸ்டிக்கின் கீழ்க் கம்பிகள் வேறு மாதிரி கேட்பது இதனால்தான்.

உட்கார்ந்து இடக்கையை எடுத்துவிடுங்கள். பன்னிரண்டு முறுக்காணிகளின் எடையில் தலை தரையை நோக்கிச் சரிந்தால் வாசிக்கும் நேரமெல்லாம் இடக்கை கழுத்தைத் தாங்கிக்கொண்டிருக்கும். ஜம்போ உடல் இங்கே எடையைச் சமன் செய்கிறது, ஆனால் வலத் தோளைத் தூக்க வைக்கிறது. கில்டை வாங்க நினைப்பவர்கள் பத்து நிமிடமாவது மடியில் வைத்துப் பார்க்க வேண்டும்.

சுருதி இறக்கி வாசித்தால்?

அமெரிக்க நாட்டுப்புறப் பாடகர் லெட்பெல்லி தன் ஸ்டெல்லா பன்னிரண்டு கம்பி கிட்டாரை வழக்கமான சுருதிக்குப் பல படி கீழேதான் வைத்திருந்தார். கிட்டார் கலைஞர் லியோ கோட்கியும் அப்படியே. இது குறுக்குவழி அல்ல, இந்தக் கருவியின் பழைய மரபு. டி-க்கு இறக்கி, இரண்டாவது பிரெட்டில் கேப்போ (எல்லாக் கம்பிகளையும் ஒரே பிரெட்டில் அழுத்தும் கிளிப்) போட்டால் வழக்கமான சுருதி கிடைத்துவிடும், இழுவிசையில் ஐந்தில் ஒரு பங்கும் குறையும், நட் உயரப் பிரச்சினையும் மறையும். கேப்போ பன்னிரண்டு கம்பிக்கென்றே செய்ததாக இருக்க வேண்டும். ஷப் சி3 அப்படிப்பட்டது. ஆறு கம்பிக் கேப்போவின் ரப்பர் தடித்த கம்பியில் நின்றுவிட்டு மெல்லியதை விட்டுவிடும்.

இறக்கி வாசிப்பவர்களுக்குத் தடித்த செட்டைச் சிலர் பரிந்துரைப்பார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள்: .010-க்குப் பதில் .012 போட்டால் அந்தக் கம்பியின் இழுவிசை 44 சதவீதம் ஏறுகிறது, டி-க்கு இறக்குவது 21 சதவீதம்தான் குறைக்கிறது. மிஞ்சுவது 14 சதவீதக் கூடுதல் சுமை. டி வரை இறக்குபவர்களுக்கு லைட் செட்டே போதும். சி வரை போகிறவர்கள் மட்டும் 12-இல் தொடங்கும் செட்டை நினைக்கலாம்.

எப்போதும் இறக்கியே வாசிப்பேன் என்று உறுதியாக இருந்தால் ஒப்பீட்டின் தராசு சாய்கிறது. தளர்ந்த கம்பிக்கு நீண்ட ஸ்கேல் உயிர் கொடுக்கும், டெய்லர் 150இ-யும் கில்டும் முன்னுக்கு வரும். முழுச் சுருதியில்தான் வாசிக்கப் போகிறீர்கள் என்றால் 634-உம் 632-உம். அதாவது, மிக மலிவானதும் மிக விலை உயர்ந்ததும் ஒரே பக்கம் நிற்கின்றன.

கடலோரக் காற்று

இந்தக் கிட்டார்கள் 45 முதல் 55 சதவீத ஈரப்பதத்தை நினைத்துச் செய்யப்படுகின்றன. சென்னையிலோ தூத்துக்குடியிலோ காற்று பெரும்பாலும் அதைவிட ஈரமாகவே இருக்கும். முழு ஸ்ப்ரூஸ் பலகை ஈரத்தை உறிஞ்சி உப்பும், பிரிட்ஜ் எழும்பும், மழைக்காலத்தில் ஆக்‌ஷன் தானாக ஏறும். அந்த நேரத்தில் சேடிலைத் தேய்த்துவிட்டால் கோடையில் ஏசி அறையில் கம்பிகள் பிரெட்டில் இடிக்கும். தடித்த பெட்டிக்குள் ஈரம் கூடினால் உறிஞ்சி, குறைந்தால் வெளியிடும் ஈரப்பதப் பொட்டலமும் ஒரு சிறிய ஈரமானியும் வைத்து, இரண்டு வாரம் நிலைபெற விட்ட பிறகுதான் சேடிலில் கை வைக்க வேண்டும். பூட்டிய காரில் வெயிலில் விட்டால் பசை இளகும், பிரிட்ஜ் கழன்றுவருவது அப்படித்தான்.

யாருக்கு எது

ஆறு கம்பி கையில் இருக்கிறது, பன்னிரண்டு கம்பி சில பாட்டுகளுக்கு மட்டும் வேண்டும் என்பவர்களுக்கு யமஹா. ஆனால் கழுத்து ஒட்டப்பட்டது. கோணம் தவறிய ஒன்றைச் சரிசெய்வது பொருளாதார ரீதியில் அர்த்தமற்றது. ஆகவே விலை குறைவு என்பதற்காக அவசரப்படாமல், இருப்பதிலேயே மிகக் கண்டிப்பாக அளக்க வேண்டியது இதைத்தான். முடிந்தால் இரண்டு, மூன்று எடுத்துப் பார்த்து, சேடில் அதிகம் எழும்பி நிற்பதை வாங்குங்கள். நட்டும் சேடிலும் சரிசெய்யும் கூலியை விலையோடு சேர்த்தே கணக்கிடுங்கள்.

வாராவாரம் தேவாலயத்திலோ மேடையிலோ வாசிப்பவர்களுக்கு 150இ. பிக்கப் இருக்கிறது, நட் அகலம் தாராளம். சேடில் கொஞ்சம் தாழ்ந்திருந்தாலும் கழுத்தைத் திருத்த வழியிருப்பதால் இதில் சற்று விட்டுக்கொடுக்கலாம். சேடிலுக்கு அடியில் பிக்கப் உள்ள மற்ற கிட்டார்களில் சேடிலின் அடிப்பரப்பைத் தேய்க்கும்போது அது சமதளமாக இல்லாவிட்டால் சில ஜோடிகளின் சத்தம் ஒலிபெருக்கியில் அமுங்கிவிடும். டெய்லரின் சென்சார்கள் சேடிலுக்குப் பின்னால் நிற்பதால் அந்தத் தொல்லை குறைவு.

ஒலிப்பதிவுக்கும் பாட்டுக்குப் பின்னணியாக விரிந்த ஸ்ட்ரம்மிங்குக்கும் கில்ட். இதையும் யமஹாவைப் போலவே அளந்துதான் வாங்க வேண்டும். விரல்களால் வாசிப்பவர்கள், சிறிய கை உள்ளவர்கள், விரல் மூட்டு வலியால் ஆறு கம்பியிலேயே சிரமப்படுபவர்கள் ஆகியோருக்கு 562 அல்லது 362, பணம் இருந்தால். ஸ்ட்ரம் மட்டும் செய்யப்போகிறவர்கள் அவ்வளவு பணத்தை இதில் போட வேண்டாம்.

ஆன்லைனில் வாங்கினால் வந்த அன்றே முழுச் சுருதிக்கு ஏற்றி, இரண்டு நாள் கழித்து ஸ்கேலும் ஃபீலர் கேஜுமாக உட்கார்ந்து, 12-ஆவது பிரெட், சேடில் உயரம், கழுத்துக் கோணம் மூன்றையும் எண்ணாக எழுதி, ஸ்கேல் தெரியும்படி படம் எடுத்து வையுங்கள். திருப்பி அனுப்பும் கெடு முடிவதற்குள் செய்ய வேண்டிய வேலை இது. சேடிலைத் தேய்ப்பதும் ட்ரஸ் ராடைத் தொடுவதும் அதற்குப் பிறகுதான், தேய்த்த சேடிலோடு எந்தக் கடையும் திரும்ப எடுத்துக்கொள்ளாது.